இஞ்சியின் ஊர்

மணற்றுறை என்றொரு பட்டினம். அங்கே கூத்தன் என்று ஒரு பண்டிதன் இருந்தான். தலை நரைத்த பிறகுதான் அவனுக்குப் பிற மொழிகளைக் கற்கும் ஆசை வந்தது. துறைமுகத்துத் தரகர்களுக்கு அரபும் பாலியும் சொல்லிக்கொடுத்துவந்த உமையாளிடம் போய்ச் சேர்ந்தான்.

வயதில் அவள் இவனுக்குத் தங்கை, பாடத்தில் இவன் அவளுக்குப் பிள்ளை. இவன் அவளை அம்மா என்பான். அவள் இவனை நீர், உம்மை என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதை பார்க்காமல் வேலை வாங்குவாள்.

ஒரு நாள் காலையில் கூத்தன் ஓட்டமாக வந்தான்.

“அம்மா, ஹம்தான் இஞ்சிக்கு என்ன பேரு சொல்லுதாரு தெரியுமா?”

ஹம்தான் ஓர் அரபுக் கப்பலின் தலைவர். வாடைக் காற்று ஓய்வதற்குள் சரக்கேற்றிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியவர். வந்த நாளிலிருந்து கூத்தனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேரீச்சம்பழமும் அரபுச் சொற்களும் சலிக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் கூத்தன் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

“ஸஞ்சபீல்னு சொல்லுவாங்க” என்றாள் உமையாள்.

“அதுக்குள்ள நம்ம இஞ்சி கெடக்கே, அம்மா!”

“கெடக்குதா?”

“கேக்கும்போதே தெரியுதே.”

“கேக்கும்போது தெரியுததெல்லாம் தெரிஞ்சதாகாது. அது வந்த வழியில திரும்பி நடந்து பாரும். ஒவ்வொரு படியா.”

கூத்தன் நடந்தான்.

ஈழத்திலிருந்து வந்து பட்டினத்தில் தங்கியிருந்த புத்த பிக்குவிடம் முதலில் போனான். அவர் தம் பாலி ஏட்டைப் பிரித்து, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“சிங்கிவேரம்” என்று வாசித்தார்.

“இஞ்சிவேர்!” என்று கூத்தன் கத்திவிட்டான். பிக்கு ஏட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்து வடமொழி வைத்தியர். அவர் சிருங்கவேரம் என்றார். சிருங்கம் என்றால் கொம்பு, கொம்பு போன்ற உடம்பு உள்ளதால் அந்தப் பெயர் என்று விளக்கமும் கொடுத்தார்.

“இஞ்சிக்கும் கொம்புக்கும் என்ன சம்பந்தம், வைத்தியரே?”

“கையில எடுத்துப் பாரும். கொம்பு மாதிரி இல்ல?”

“என் பெரியப்பா மூக்கு மாதிரியும் இருக்கு” என்றான் கூத்தன்.

வைத்தியர் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. காரணம் தெரியாத சொல்லுக்குக் கண்ணில் பட்டதைக் காரணமாக்குவது கற்றவர்களுக்கு உள்ள பழைய வியாதி. அது கூத்தனுக்கும் உண்டு. ஆனால் அடுத்தவருக்கு வரும்போது சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவான்.

குதிரை கொண்டுவந்த பாரசீக வணிகர், தம் நாட்டுப் பழைய நூல்களில் சிங்கிவேர் என்று வரும் என்றார். அதற்கும் மேற்கே யவனர்கள் சிங்கிபேரி என்கிறார்களாம். மேற்கே போகப் போகச் சொல் ஓரிடத்தில் தேய்ந்தது, ஓரிடத்தில் வீங்கியது. அத்தனைக்குள்ளும் இஞ்சிவேர் ஒளிந்திருந்தது. கூத்தனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் ஊர்ச் சந்தையில் கூறுகட்டி விற்கும் ஒரு சரக்கின் பெயர், அவன் கால் படாத தேசத்தில் எல்லாம் அடுப்படியில் புழங்குகிறது என்றால் யாருக்குத்தான் நிறையாது?

உமையாளிடம் திரும்பி வந்தான்.

“அம்மா, எல்லாரும் நம்ம இஞ்சியைத்தான் ஆளுக்கொரு விதமா மெல்லுதாங்க.”

“முன்னால ஒரு ‘ச்’ நிக்குதே. அது எப்படி ஒட்டுச்சு?”

“வழியில எங்கயாவது ஒட்டியிருக்கும்.”

“வழியில ஒட்டுச்சா, நம்ம வாயில இருந்து உதிந்துச்சா?”

கூத்தன் தலையைச் சொறிந்தான். “ரெண்டுல எதுவா இருந்தாலும் வழி சரிதானே, அம்மா?”

“வழி சரிதான்.”

“அப்ப இது நம்ம சொல்லு.”

“மேற்க பாத்தீரு. கெழக்க பாத்தீரா?”

“கெழக்க என்ன இருக்கு? கடலுதான்.”

“கடலுக்கு அந்தாண்ட?”

அந்தக் கேள்வி கூத்தன் காதில் ஏறவில்லை. அவன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கூத்தனுக்குப் புத்தி மட்டில்லை, பெருமைதான் மட்டு மீறிவிட்டது. நேரே அரசவைக்குப் போனான்.

மணற்றுறை அரசர் நல்லவர். யோசிக்காமல் இருக்கும்வரை அவரால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. கூத்தன் படிப்படியாக எடுத்துச் சொல்லச் சொல்ல அவருக்குப் புல்லரித்தது.

“அரபுச் சோனகன், பாரசீகன், யவனன், எல்லார் வாயிலயும் நம்ம சொல்லா?”

“எல்லார் வாயிலயும், அரசே.”

அவை எழுந்து ஆரவாரம் செய்தது. அரசர் பட்டுச் சால்வை ஒன்றைத் தம் கையாலேயே கூத்தனுக்குப் போர்த்தினார். சொற்களின் காளை என்ற பொருளில் சொல்லேறு என்று பட்டமும் கொடுத்தார். கூத்தனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

ஆரவாரம் அடங்கியதும் அரசர் யோசிக்க ஆரம்பித்தார்.

“சொல்லேறே, ஒரு சந்தேகம். நம்ம சொல்லை எடுத்துட்டுப் போனாங்களே, யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனாங்க?”

அரசர் வேடிக்கை பேசுகிறார் என்று கூத்தன் நினைத்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

“யாரையும் கேக்கல, அரசே.”

“கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்ன?”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அமைச்சர் எடுத்துக்கொடுத்தார். “களவு, அரசே.”

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே நுணல் கத்தியது, கெட்டது வேறொருவர்.

அன்று மாலையே ஹம்தானைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அரசர் சொன்னதைக் கேட்டுத் தம் தமிழில்தான் குறை என்று முதலில் நினைத்துவிட்டார்.

“நான் மிளகு வாங்கினேன். முத்து வாங்கினேன். வேற எதை எடுத்தேன்?”

“எங்க சொல்லை எடுத்த. அதைத் திருப்பிக் குடு.”

“எப்படிக் கொடுக்க?”

“அது உன் பாடு. குடுக்குதவரைக்கும் சிறையில கெட. அதுக்குள்ள அந்தச் சொல்லு உன் வாயில வந்துச்சுன்னா கப்பலைக் கொளுத்திருவேன்.”

எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று ஹம்தானுக்குத் தெரியவில்லை. எப்படி வாங்கிக்கொள்வது என்று அரசருக்கும் தெரியவில்லை. ஆகையால் யாருக்காவது தெரியும்வரை சிறை என்று ஆயிற்று. வாடைக் காற்றோ ஓயப்போகிற காலம். மேல்காற்றான கச்சான் எழும்பிவிட்டால் மேற்கே கப்பல் விட முடியாது. அடுத்த வாடை வரை ஹம்தானும் அவர் ஆட்களும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

“அரசே, நான் அந்த அர்த்தத்துல சொல்லல” என்று கூத்தன் முன்னால் வந்து கெஞ்சினான்.

“நம்ம சொல்லுன்னு நீருதானே சொன்னீரு?”

“ஆமா, அரசே.”

“அது நெசந்தானே?”

“நெசந்தான், ஆனா…”

“அப்புறம் என்ன ஆனா?”

காவலர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது ஹம்தான் திரும்பிக் கூத்தனைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. என்ன நடக்கிறது என்று இவனாவது சொல்லமாட்டானா என்பது போலப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் கூத்தனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் உமையாள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான்.

“அம்மா, நான் கண்டுபிடிச்சது பொய்யா?”

“இல்ல.”

“நெசத்தைச் சொன்னதுக்கா அவரு உள்ள இருக்காரு?”

உமையாள் அவன் எதிரே வந்து நின்றாள். வலக்கையை நீட்டினாள்.

“குடும்.”

“எதை, அம்மா?”

“நான் உமக்குக் கத்துக்குடுத்த அரபை. எனக்கு இன்னைக்கே வேணும்.”

கூத்தன் விழித்தான்.

“பாலியையும் சேத்துக் குடும். பாக்கி வைக்காதேயும்.”

“எப்படி அம்மா குடுக்க? அது என் தலைக்குள்ள போயிருச்சே.”

“என்னோடதுதானே? என்கிட்ட இருந்துதானே எடுத்தீரு?”

“உங்ககிட்ட இருந்துதான். ஆனா நான் எடுத்ததால உங்களுக்கு ஒண்ணும் கொறையலையே. முன்னைவிட நல்லாத்தானே பேசுதீங்க.”

“கொறையலையா?”

“இல்லையே.”

உமையாள் கையை மடக்கிக்கொண்டாள்.

கூத்தன் அந்த மடங்கிய கையைப் பார்த்தான். பிறகு முகம் தெளிந்து எழுந்தான்.

“இப்பவே போயி இதை அரசருகிட்டச் சொல்லுதேன், அம்மா.”

“சொன்னா விட்டுருவாரா?”

கூத்தன் அரசரை மனதில் நிறுத்திப் பார்த்தான். அவரும் ‘அப்ப குடு’ என்று கைநீட்டுவதையும் பார்த்தான்.

“விடமாட்டாரு” என்று உட்கார்ந்தான்.

“இது உமக்குள்ள பாடம். அவருக்கு வேற வேணும்.”

“என்ன வேணும்?”

“நீரு பாதியில விட்டுட்டு ஓடினீரே, அந்த வழி. துறையில சீனக் கப்பல் ஒண்ணு நிக்குது.”

சீனக் கப்பல் துறையில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக நின்றது. மேல்தளத்தில் வேல் பிடித்த வீரர்கள் உலாவினார்கள். கூத்தன் ஏறிப் போனபோது அவன் கண்ணில் முதலில் பட்டது வேல் அல்ல. பெரிய பெரிய மரத்தொட்டிகளில் மண் நிரப்பிக் கீரை போட்டிருந்தார்கள். ஒரு தொட்டி முழுக்க இஞ்சி. கடலுக்கு நடுவே, கப்பலின் மேலே, பச்சைப் பசேல் என்று இஞ்சி வளர்ந்துகொண்டிருந்தது.

கூத்தன் ஓர் இஞ்சி இலையைத் தொட்டுக் காட்டி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கையால் ‘என்ன’ என்று கேட்டான்.

“கியாங்” என்றான் அவன்.

“இன்னொரு தடவை?”

“கியாங்.”

அதிலும் இஞ்சியின் ஒலி கேட்பதுபோல் கூத்தனுக்குத் தோன்றியது. கப்பலின் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். கீழ்க்கடல் துறைகளில் எல்லாம் புழங்கியவர், தமிழும் பேசுவார்.

“எத்தனை காலமா இந்தப் பேரு?” என்று கூத்தன் கேட்டான்.

“எங்க ஆதிகாலத்து ஏட்டிலேயே இருக்கு.”

“நீங்க யாருகிட்ட இருந்து எடுத்தீங்க?”

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். “அதை நான் உங்ககிட்டக் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?”

கூத்தன் இறங்கி வந்தான். சிங்கி, இஞ்சி, கியாங் என்று வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். இவை உறவா, தற்செயலாக முகம் ஒத்த அந்நியர்களா? உறவு என்றால் யார் மூத்தவர்? அவனால் சொல்ல முடியவில்லை. தெரியாது என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

உமையாள் வீட்டுக்கும் போகவில்லை, அரசவைக்கும் போகவில்லை. அங்கே போய்ச் சொன்னால் பட்டம் போகும். நிறைந்த அவையில் அரசரை முட்டாளாக்கினான் என்று தலையும் போகலாம். கூத்தன் பட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டான். கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினான். காய்ச்சலாவது ஒன்றாவது! பயம்தான்.

காற்று நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டு வந்தது. ஒரு நாள் உமையாள் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“காய்ச்சலுன்னாங்களே.”

“ஆமா, அம்மா.” அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“சீனக் கப்பலுக்குப் போனீரா?”

“போனேன்.”

சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“ஹம்தானுக்கு வயித்து நோவு. சிறைத் தண்ணி ஒத்துக்கல. போயிப் பாத்துட்டு வாரும்.”

“நானா?”

“அவருகிட்ட அரபு பேசிப் பழகினவரு நீருதானே. இல்ல, என்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டீரோ?”

கூத்தன் எழுந்தான்.

சிறையில் ஹம்தான் சுவரோரம் முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வாசலில் நின்ற காவலன் கூத்தனைக் கண்டதும் கையைப் பிசைந்தான்.

“நேத்துல இருந்து இப்படித்தான் கெடக்காரு, ஐயா. என்ன வேணும்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்காரு. நான் என்ன செய்ய?”

கூத்தன் பக்கத்தில் உட்கார்ந்து அரபில் கேட்டான். “என்ன வேண்டும், ஹம்தான்?”

ஹம்தான் வாயைத் திறந்தார். உதடு வரைக்கும் ஒரு சொல் வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வலியில் உடம்பு சுருண்டது. கையை மட்டும் எடுக்கவில்லை.

கொஞ்சம் தணிந்த பிறகு மெல்லச் சொன்னார்.

“கொளுத்திவிடுவார்கள். என் ஆட்கள் கப்பலில்தான் தூங்குகிறார்கள்.”

கூத்தனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிக் காவலனைக் கேட்டான்.

“இஞ்சி இருக்கா?”

“இருக்கே, ஐயா! எங்க அடுப்படியிலேயே கெடக்கு. கேட்டிருந்தா அப்பவே தட்டிப்போட்டுக் குடுத்திருப்பேனே!”

காவலன் ஓடினான். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. கொதிக்கிற மணம் சிறை முழுக்கப் பரவியது. அந்த மணம் வந்ததும் ஹம்தான் தலையைத் தூக்கி வாசலையே பார்த்தார். கூத்தன் குவளையை வாங்கி, ஆற்றி, அவர் வாயில் வைத்தான். மடக்கு மடக்காகக் குடித்தார். ஒரு நாழிகையில் முகத்துக்கு ரத்தம் வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“என் மனைவி இதைத் தேனில் கலந்து கொடுப்பாள்” என்றார். “ஊரில் இதை நாங்கள்…”

தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

கூத்தன் அழுதுவிட்டான். காவலன் பார்க்கிறானே என்றுகூட நினைக்கவில்லை. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஹம்தானுக்குப் போர்த்தினான். அங்கிருந்து நேரே அரசவைக்குப் போனான். போகிற வழியில் பயம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியாது.

“வாரும் சொல்லேறே, காய்ச்சல் போச்சா?” என்றார் அரசர். “நான் போத்தின சால்வை எங்க?”

“நோவுல கெடந்தவருக்குப் போத்திட்டேன், அரசே. பட்டத்தையும் நீங்க திருப்பி எடுத்துக்கோங்க.”

“ஏன்?”

“நான் பாதி வழிதான் நடந்தேன். முழுசும் நடந்தவன் மாதிரிப் பேசிட்டேன்.”

சீனக் கப்பலில் பார்த்ததையும் கேட்டதையும் கூத்தன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அரசர் முன்னால் சாய்ந்தார். “அப்ப நாம அவங்ககிட்ட இருந்து எடுத்தோமா?”

“தெரியாது, அரசே.”

“அவங்க நம்மகிட்ட இருந்து எடுத்தாங்களா?”

“அதுவும் தெரியாது. ரெண்டு பேரும் நடுவுல வேற யாருகிட்டயாவது வாங்கியிருக்கலாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாமயும் இருக்கலாம்.”

“பண்டிதரே, நீரு தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதேயில்லையே!”

“இதுதான் மொதல் தடவை, அரசே. நல்லாத்தான் இருக்கு.”

களவு என்று முன்பு எடுத்துக்கொடுத்த அமைச்சர் தொண்டையைக் கனைத்தார். “அப்படின்னா, அரசே, நாமளும் ஒருவேளை…”

அரசர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அரசர் எழுந்து சாளரத்துக்குப் போனார். அங்கிருந்து துறை முழுவதும் தெரியும். சீனக் கப்பலின் பாய்மரம் அரண்மனை மதிலைவிட உயரமாக நின்றது. வேல் பிடித்த வீரர்களும் தெரிந்தார்கள். அரசர் முகம் இஞ்சி தின்ற குரங்கு போல ஆயிற்று என்று அவையில் இருந்தவர்கள் பிறகு தமக்குள் பேசிக்கொண்டார்கள்.

“அந்தச் சீனனுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“நான் எதுக்குக் கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லல, அரசே.”

“சொல்லிராதேயும்.”

“சரி, அரசே.”

“திருப்பிக் குடுன்னு வந்து நின்னான்னா, எதை எடுத்துக் குடுக்க?”

“எனக்கும் தெரியல, அரசே. ஹம்தானுக்கும் அதுதான் தெரியல.”

அரசர் சீனக் கப்பலின் வேல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

“அந்தச் சோனகனை விட்டுருங்க. காத்து இருக்கும்போதே ஊரு போயிச் சேரட்டும்.”

“அரசே, அந்தச் சொல்லைத் திருப்பிக் குடுக்கணும்னு…” என்று தளபதி தயங்கினார்.

“எந்தச் சொல்லு? யாரு கேட்டா?”

கூத்தனுக்குத் தலை தப்பியது. பட்டம் போனது. போன பட்டம் சும்மா கிடக்கக் கூடாது என்று களவு என்று எடுத்துக்கொடுத்த அமைச்சருக்கே அரசர் அதைக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

கடைசி வாடையில் அரபுக் கப்பல் பாய் விரித்தது. கூத்தனும் உமையாளும் கரையில் நின்றார்கள். கப்பல் துறைவாயைத் தாண்டியதும் ஹம்தான் பின்தளத்துக்கு ஓடிவந்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினார்.

“ஸஞ்சபீல்!”

கப்பல் ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். “ஸஞ்சபீல்! ஸஞ்சபீல்!” கரையில் நின்றவர்கள் அது ஏதோ அரபு வாழ்த்து என்று நினைத்துக் கையை ஆட்டினார்கள். கூத்தன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது.

கப்பல் சிறுத்துக்கொண்டே போயிற்று. கூட்டம் கலைந்தது.

“அம்மா, இப்பவாவது சொல்லுங்க. அந்தச் சொல்லுக்குச் சொந்த ஊரு எது? நம்ம ஊரா, சீனமா, இல்ல நடுவுல வேற ஏதாவதா?”

“எதுக்குக் கேக்குதீரு? இன்னொரு சால்வை வேணுமா?”

“சால்வை வேண்டாம். தெரியாமப் போனா எனக்குத் தூக்கம் வராது.”

“ஹம்தான் வலியில வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தாரே. அப்ப அந்தச் சொல்லு எங்க இருந்துச்சு?”

கூத்தன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவரு வயித்துல, அம்மா. வலிச்சு அது வேணும்னு இருந்த எடத்துல.”

“சரி, ஊரு தெரிஞ்சுபோச்சு” என்றாள் உமையாள். “அதைத் திருப்பிக் கேக்க அந்த ஊருக்கு ராசா யாரு?”